கார் எடுத்தாச்சா என்று கேட்கும் உறவுகளுக்கு

அயர்லாந்துக்கு எனக்கு முன்பே வந்து காலூன்றிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: எனிஸில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன், என்னென்ன கொண்டு வரணும்? பதில்கள் இருபத்து மூன்று. குக்கர், புளி, தெர்மல் உள்ளாடை என்று நாலு பேர் சொன்னார்கள். மிச்சம் பத்தொன்பதும் ஒரே பல்லவி: "முதல்ல கார் எடுங்க ப்ரோ. இங்க கார் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது." பாவம், அந்தத் தம்பி இன்னும் ஃப்ளைட் டிக்கெட்டே போடவில்லை.

அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

நான் லிமரிக்கில் ஏழு வருஷமாகக் கார் இல்லாமல் இருக்கிறேன். இதில் கொள்கை, லட்சியம் எதுவும் கிடையாது. வந்த புதிதில் கையில் காசு இல்லை. காசு வந்தபோது, நம்மூர் லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள் என்று தெரிந்தது. தியரி டெஸ்ட், லர்னர் பெர்மிட், பயிற்சி வகுப்பு, டெஸ்ட் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு, அத்தனையும் தாண்டினால் புதுசாக ஓட்டுகிறவர் என்று இன்சூரன்ஸ்காரர் சொல்லும் தொகை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தள்ளிப்போட்ட நேரத்தில் ஊரைச் சுற்றிவிட்டேன்.

அம்மா மூன்று மாதம் வந்திருந்தபோது கடலோரம் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளைப் பார்க்கப் போனதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். லிமரிக் கோல்பர்ட் ஸ்டேஷனிலிருந்து எனிஸுக்கு ரயில், நாற்பது நிமிஷம். எனிஸில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் ஒரே வளாகம். அங்கிருந்து 350ஆம் நம்பர் பஸ். எனிஸ்டைமன், லஹிஞ்ச் என்று கடலோரமாக ஏறி, பாறைகளின் வாசலிலேயே இறக்கிவிட்டு, டூலின் வழியாகக் கால்வே வரைக்கும் போகிறது. மேல்தளத்தில் கார் ஜன்னலைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக உட்கார்ந்து, கல்வேலிகளுக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார் அம்மா. காரில் போயிருந்தால் வேலிக்கல்லைத்தான் பார்த்திருப்பார். ஓட்டுகிற நான் அதையும் பார்த்திருக்க மாட்டேன்.

அதே எனிஸிலிருந்து எனிஸ்டைமன், லஹிஞ்ச் வழியாகக் கில்கீ வரைக்கும் ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது, மேற்கு கிளேர் ரயில்வே. தாமதத்துக்குப் பேர்போன வண்டி. 1896இல் கச்சேரிக்குப் போன ஒரு பாடகர் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல், கம்பெனி மேல் வழக்குப் போட்டு நட்டஈடு வாங்கினார். அதோடு விடாமல் நையாண்டிப் பாட்டு ஒன்றும் எழுதிவைத்தார். பாட்டு இன்னும் இருக்கிறது. ரயிலை 1961இல் நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் இறங்கி டீ குடித்தோம். (ஊர் பேர் வேண்டாம்.) அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே நான் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டேன். கையில் ஆப், ஆப்பில் வரைபடம், வரைபடத்தில் நான் நிற்கிற நீலப்புள்ளி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டீக்கடை அம்மா வெளியே வந்து, "அது கால்வே போகிற பக்கம். உங்கள் வண்டி எதிர்ப்பக்கம், பப் வாசலில் நிற்கும்" என்றார். எதிர்ப்பக்கம் கம்பமும் இல்லை, பலகையும் இல்லை. வெறும் சுவர். நான் சந்தேகத்தோடு சாலையைக் கடப்பதற்குள் பஸ் திருப்பத்தில் வந்துவிட்டது. அம்மா எனக்கு முன்னால் போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நம்மூர் டவுன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டினார். வண்டி நின்றது. இந்த நாட்டுக் கிராமங்களில் அப்படித்தான் நிறுத்தணும். கை காட்டாவிட்டால் யாரோ வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள் என்று டிரைவர் போய்விடுவார். அம்மாவுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. எனிஸில் எல்லோரும் டிரைவருக்குத் "தேங்க்ஸ்" சொல்லி இறங்குவதைப் பார்த்து, "தேங்க்ஸ் தம்பி" என்று இவரும் சொன்னார். அந்தத் தம்பிக்கு அறுபது வயது இருக்கும்.

இப்போது உங்கள் பக்க நியாயத்துக்கு வருகிறேன். முடியாத இடங்கள் உண்டு, மறைக்கவில்லை. இந்த நாட்டின் ரயில் பாதைகள் பெரும்பாலும் டப்ளினை நோக்கியே போகின்றன. கார்க், கால்வே, வெஸ்ட்போர்ட், டிரலீ போகணுமா, ஹியூஸ்டன் ஸ்டேஷன். பெல்ஃபாஸ்ட், ஸ்லைகோ, ராஸ்லேர் போகணுமா, கானலி ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவில் லுவாஸ் டிராம். தலைநகரை விட்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் குறுக்கே போக நினைத்தால்தான் வம்பு. 1920 வாக்கில் இந்தத் தீவில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் இருந்தது. இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. வடமேற்கே டோனெகலில், வட அயர்லாந்து தனியாகப் பிரிந்தபோது ரயில் பாதைகளுக்குக் குறுக்கே எல்லைக் கோடும் சுங்கச் சாவடியும் வந்து உட்கார்ந்தன. லாரியும் காரும் மிச்சத்தைத் தின்றன. 1965க்குள் அங்கே ரயிலே முடிந்துவிட்டது. லெட்டர்கென்னியில் இருக்கிற நம் ஆட்கள் டப்ளின் வருவதற்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வரணும். கார்க்குக்கு மேற்கே பாண்ட்ரி, ஸ்கிபரீன் பக்கமும் இதே கதைதான், 1961இல் மூடியாயிற்று.

(லிமரிக் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அது லிமரிக்கில் இல்லை, டிப்பரரி கவுண்டியில் வயல் நடுவே இருக்கிறது. புதுசாக வருகிறவர்களிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். ஊர் வந்துவிட்டது என்று பெட்டியோடு இறங்கி நின்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) திங்களன்று பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைதான் ஓடும். அது தெரியாமல் ஒரு மே மாதத் திங்களன்று, கூரையில்லாத நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் நனைந்து, கடைசியில் டாக்ஸிக்கு அழுதேன். டிசம்பர் 25 அன்று ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, டப்ளினில் விமானம்கூடக் கிடையாது. அன்றைக்குத்தான் நம் நர்ஸ் அக்காமார்களுக்கு டியூட்டி விழும். இங்கே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லியே ஆகணும். போன கிறிஸ்துமஸ் விடியற்காலையில் குழுவில் பட்டியல் போட்டு, யார் யாரை எந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவது என்று முறை வைத்து நாலு கார் ஓடியதே, அது எனக்கு மறக்காது. என் பக்கத்து வீட்டு அக்கா தான் வேலை பார்க்கும் கேர் ஹோமுக்கு (முதியோர் பராமரிப்பு இல்லம்) போனதும் அந்தக் காரில்தான்.

ஆனால் கார் உள்ளவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தக் கேர் ஹோம் ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர். சாலையோரம் நடக்க நடைபாதை இல்லை. இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது பஸ் போயிருக்கும். குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டு. அக்கா ஒன்றரை வருஷம் அவர் இவர் காரில் தொற்றிக்கொண்டு போனார், பிறகு கடன் வாங்கிப் பழைய யாரிஸ் கார் ஒன்று எடுத்தார். நாம் எல்லோரும் குழுவில் வாழ்த்துச் சொன்னோம். எட்டரை மணிக்கு ஒரு பஸ் வேண்டும் என்று கேட்க அந்தச் சாலையில் இருந்த ஒரே ஆளும் அன்றோடு போய்விட்டார்.

இதுதான் என் வருத்தம். நம்மில் ஒவ்வொருவரும் வந்த முதல் வருஷம் பஸ்ஸுக்குத் திண்டாடுகிறோம். எங்கே வண்டி இல்லை, எந்த இணைப்பு ஐந்து நிமிஷத்தில் தவறுகிறது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். இரண்டாவது வருஷம் கார் வந்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. அட்டவணை போடுகிறவர்கள் கண்ணுக்கு அந்த ஊரில் பஸ் கேட்கிற ஆளே இல்லை.

கேட்டால் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். எனிஸுக்கும் அதன்ரை (Athenry) என்ற ஊருக்கும் நடுவே பயணிகள் ரயிலை 1976இல் நிறுத்தினார்கள். மேற்குக் கரைக்காரர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2010இல் திரும்ப ஓடியது. நான் கால்வே போவது அந்த வண்டியில்தான். (பெருமழைக் காலத்தில் பல்லிகார் ஏரி பொங்கித் தண்டவாளத்தை மூடிவிடும், அப்போது வாரக்கணக்கில் மாற்றுப் பஸ். அது வேறு கதை.) 2021இல் தேசியப் போக்குவரத்து ஆணையம் கிராமப்புறங்களுக்கு என்று 'கனெக்டிங் அயர்லாந்து' திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு லோக்கல் லிங்க் என்ற சிறு பஸ்கள் நிறைய ஊர்களுக்குப் புதுசாக வந்திருக்கின்றன. சில இடங்களில் முன்கூட்டியே ஃபோன் செய்தால் வீட்டு வாசலுக்கே வரும். நம் குழுவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2024இல் வந்த தீவு முழுமைக்குமான ரயில் ஆய்வறிக்கை, லெட்டர்கென்னிக்கு மறுபடி ரயில் வேண்டும் என்று சொல்கிறது. 2050 வரைக்குமான கணக்கு அது. நம் பிள்ளைகள் ஏறுவார்களோ என்னவோ.

லிமரிக் நகரப் பஸ் தடங்களை மாற்றக் கருத்துக் கேட்டபோது ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்க வரைபடம். பெரியவர்கள் கைத்தடியால் சுட்டிக்காட்டி, என் தெருவில் ஏன் திரும்பவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு 66 வயது தாண்டியிருக்கும், பயணமே இலவசம். இருந்தும் வந்திருந்தார்கள். நம் ஆள் நான் ஒருவன்தான். நம் அம்மா அப்பாக்கள் ஊர் ஓரத்துக் குடியிருப்புகளில் ஜன்னலைப் பார்த்தபடி, சனிக்கிழமை மகன் காரில் கூட்டிப்போவான் என்று வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்காகப் பேச அன்று யாரும் இல்லை.

அதனால் கேட்கிறேன். எனிஸுக்கு வருகிற தம்பியிடம் கார் எடு என்று சொல்லுங்கள், தப்பில்லை, நானும் ஒரு நாள் எடுப்பேன். அதற்கு முன்னால், வீடு பார்க்கும்போதே பஸ் தடத்தையும் பார்த்து எடு என்று சொல்லுங்கள். பஸ், ரயில் கட்டணத்துக்கான லீப் கார்டு வாங்கு, தொலைதூர ரயிலுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் போடு, மலிவு என்று சொல்லுங்கள். அரன் தீவுகளுக்குப் படகில் போகும்போது காரைக் கரையில்தான் விட்டுப் போகணும் என்றும் சொல்லுங்கள். அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது, உங்கள் முதல் வருஷத்தை ஞாபகப்படுத்தி ஆளுக்கு நாலு வரி அனுப்புங்கள்.

வருகிற முதல் சனிக்கிழமை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கோவ் போகிறோம். டைட்டானிக் 1912இல் கடைசியாக நின்ற துறைமுகம். கார்க்கிலிருந்து துறைமுகத்தை ஒட்டியே போகிற ரயில், இருபத்தைந்து நிமிஷம்தான். அக்கா யாரிஸை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார், புளியோதரை அவர் பொறுப்பு. வருகிறவர்கள் காலையில் கோல்பர்ட் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். லிமரிக் ஜங்ஷனில் வண்டி மாறணும், பிளாட்பாரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். குல்லா எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
லிமரிக்கிலிருந்து உங்கள் தம்பி