தலைப்பில் இறங்கும் ‘ஆப்பு’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மருத்துவக் காப்பீடு பற்றிய செய்திகளுக்கு நம் தமிழ் நாளேடுகள் இடும் தலைப்புகள் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘ஒபாமாகேருக்கு ஆப்பு’, ‘மருத்துவ உதவிக்கு வேட்டு’, ‘முதியோருக்கு அல்வா’ என்ற பாணியில் வரும் தலைப்புகளைத்தான் சொல்கிறேன். (ஒபாமாகேர் என்பது அதிபராக இருந்த ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்.) சட்டமே ரத்தாகிவிட்டதா, ரத்து செய்யும் மசோதா ஓர் அவையில் மட்டும் நிறைவேறியிருக்கிறதா, நிதி குறைக்கப்பட்டதா, அல்லது யாரோ ஒருவர் மேடையில் முழங்கியதோடு சரியா என்பது இவற்றில் எதைப் படித்தாலும் விளங்குவதில்லை. நான்கு நிலைகளுக்கும் ‘ஆப்பு’ என்ற ஒரே சொல் பொருந்திப்போவதால், தலைப்பு எழுதுபவருக்கு அது வசதியாக இருக்கிறது. படிப்பவர் எதைப் புரிந்துகொள்வது என்பதுதான் தெரியவில்லை.

விளையாட்டுப் பக்கத்திலோ சினிமாப் பக்கத்திலோ இத்தகைய சொற்கள் வந்தால் நான் எழுதப் புகுந்திருக்கமாட்டேன். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் செய்தியில் வருவதுதான் உறுத்துகிறது. ஏனென்றால், முக்கால் நூற்றாண்டாக அங்கே அரசியல் விளம்பரக்காரர்கள் பிழைத்துவருவதே இந்தத் தெளிவின்மையை வைத்துத்தான். அனைவருக்கும் காப்பீடு என்ற திட்டத்தை அதிபர் ட்ரூமன் முன்வைத்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கம் உறுப்பினர்களிடம் ஆளுக்கு 25 டாலர் வசூலித்து, ஒரு பிரசார நிறுவனத்தை அமர்த்திக்கொண்டு, ‘சோஷலிச மருத்துவம்’ என்ற தொடரை நாடெங்கும் பரப்பியது. திட்டத்தின் எந்தப் பிரிவு சோஷலிசம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1961-இல் அதே சங்கத்துக்காக, அப்போது நடிகராக இருந்த ரொனால்டு ரீகன் அதே பூச்சாண்டியை இசைத்தட்டில் பேசிக் கொடுத்தார். அதையும் மீறித்தான் 1965 ஜூலை 30 அன்று மெடிகேர் சட்டமாகி, முதியோருக்கு அரசுக் காப்பீடு கிடைத்தது.

இவற்றில் கைதேர்ந்த வேலை என்றால், 1993, 94 ஆண்டுகளில் அதிபர் கிளிண்டனின் அனைவருக்கும் காப்பீடு என்ற திட்டத்துக்கு எதிராக ஒளிபரப்பான ஹாரி–லூயிஸ் விளம்பரங்களைத்தான் சொல்ல வேண்டும். நடுத்தர வயதுத் தம்பதியர் வீட்டு மேசையில் ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, முன்பு இருந்த காப்பீடு இப்போது இல்லையே என்று கவலையோடு பேசிக்கொள்வார்கள். கூச்சலோ வசையோ இல்லை. கடைசியில், ‘தேர்ந்தெடுப்பது அவர்கள்’ என்று ஒருவர் சொல்ல, ‘இழப்பது நாம்’ என்று மற்றவர் முடிப்பார். அந்த ‘அவர்கள்’ யார் என்பதை விளம்பரம் விளக்குவதில்லை. எந்த மருத்துவரிடம் போகலாம், எந்தச் சிகிச்சைக்குப் பணம் தரலாம் என்று அதுவரை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவை காப்பீட்டு நிறுவனங்கள். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்ததும் அந்த நிறுவனங்களின் சங்கமே. திரையில் தோன்றியதோ, காப்பீட்டில் மக்களின் தேர்வுரிமையைக் காக்கும் கூட்டணி என்று பொருள்படும் ஒரு பெயர். கிளிண்டன் திட்டம் 1994 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அதற்கு இந்த விளம்பரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். திட்டமே ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்டு, ஆதரித்தவர்களாலேயே எளிதில் விளக்க முடியாததாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 2009-இல் அதே இரு நடிகர்கள் அதே தம்பதியராகத் திரும்பிவந்து, சீர்திருத்தம் வேண்டும் என்று பேசினார்கள். அந்த விளம்பரத்துக்குச் செலவிட்டவர்களில் மருந்து நிறுவனங்களின் சங்கமும் ஒன்று.

அதே 2009 ஆகஸ்டில், ஒபாமாவின் காப்பீட்டு மசோதாவை எதிர்த்து, குடியரசுக் கட்சியின் சாரா பேலின் தம் முகநூல் பதிவில் ‘மரணக் குழு’ என்ற தொடரை எழுதினார். மசோதாவில் இருந்தது இவ்வளவுதான்: இறுதிக்காலத்தில் தமக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முதியவர் ஒருவர் தாமாக விரும்பி மருத்துவரிடம் கலந்து பேசினால், அந்த நேரத்துக்கான கட்டணத்தை மெடிகேர் கொடுக்கும். யார் உயிர்வாழத் தகுதியானவர் என்று தீர்ப்பளிக்கும் குழு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அந்தப் பிரிவு இறுதிச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் 2016 ஜனவரியில்தான் ஒரு நிர்வாக விதியின் வழியாக அந்தக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. இங்கே செய்தித்தாள்களின் பங்கைக் கவனிக்க வேண்டுகிறேன். ‘மரணக் குழு: ஒபாமா மறுப்பு’ என்று ஒரு தலைப்பு வந்தால், அதில் பொய் எதுவும் இல்லை; அவர் மறுத்தது உண்மையே. ஆயினும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர் மனத்தில், அப்படி ஒரு குழு இருக்கிறதாம், ஒபாமா இல்லை என்கிறாராம் என்றுதான் பதியும். மேற்கோள் குறி போட்டுவிட்டோமே என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

குடியரசுக் கட்சியினர் மட்டுமே இந்த வேலையைச் செய்வதாகவும் எண்ண வேண்டாம். குடியரசுக் கட்சியின் பால் ரையான் முன்வைத்த மெடிகேர் மாற்றத் திட்டத்தை எதிர்த்து 2011-இல் வெளியான விளம்பரத்தில், அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவர், சக்கர நாற்காலியில் அமர்ந்த மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு போய் மலை உச்சியிலிருந்து உருட்டிவிடுகிறார். அரசியல்வாதிகளின் கூற்றுகளைச் சரிபார்க்கும் பொலிட்டிபேக்ட், 2009-இன் மிகப்பெரிய பொய்யாக ‘மரணக் குழு’வையும், 2011-இன் மிகப்பெரிய பொய்யாக ‘குடியரசுக் கட்சியினர் மெடிகேரையே ஒழிக்க வாக்களித்தார்கள்’ என்ற ஜனநாயகக் கட்சியினரின் பிரசாரத்தையும் தேர்ந்தெடுத்தது. 2012 தேர்தலில் ‘மெடிகேரிலிருந்து 71,600 கோடி டாலர் வெட்டு’ என்று ஒபாமாவுக்கு எதிராக விளம்பரங்கள் ஓடின. பத்தாண்டுகளில் மருத்துவமனைகளுக்கும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அரசு கொடுக்கும் தொகை வளரும் வேகத்தைக் குறைத்ததுதான் அந்த ‘வெட்டு’. இப்போது கையில் இருப்பதைப் பறிப்பதும், பிற்பாடு கூடவிருந்ததைக் குறைப்பதும் ஒன்றல்ல. ‘வெட்டு’ என்று போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ரையானின் வரவுசெலவுத் திட்டமும் அதே சேமிப்பைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டது என்பது தலைப்புகளுக்கு எட்டவே இல்லை.

‘ஒபாமாகேர்’ என்ற பெயரும் எதிராளிகள் ஏளனமாகப் பரப்பியதுதான். பிறகு ஒபாமாவே அதை ஏற்றுக்கொண்டார். கென்டக்கி மாநிலம் அதே சட்டத்தின்கீழ் ‘கைனெக்ட்’ என்ற பெயரில் காப்பீட்டுச் சந்தையை நடத்தியது. 2014 மே மாதத்தில் அங்கே எடுத்த கருத்துக்கணிப்பில், ஒபாமாகேர் பிடிக்கவில்லை என்றவர்கள் 57 விழுக்காடு. கைனெக்ட் பிடிக்கவில்லை என்றவர்கள் 22 விழுக்காடு. சட்டம் ஒன்றுதான், பெயர்தான் வேறு.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகளோடு அமெரிக்காவில் தங்கிவிட்ட தமிழ்ப் பெற்றோர் பலர். கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்த 65 வயதுக்காரர், மாதச் சந்தா கட்டி மெடிகேரில் சேரலாம். மெடிக்கெய்டு வேறு, அது வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து நடத்துவது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தால், பத்தாண்டுகளில் மெடிக்கெய்டில் 90,000 கோடி டாலருக்கு மேல் மத்திய அரசின் செலவு குறையும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணித்தது. அந்தச் செய்திக்கு ‘அமெரிக்க மருத்துவ உதவிக்கு வேட்டு’ என்று தலைப்பிட்டால் எந்தத் திட்டம் என்பது தெரிய வழியில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், நியூஜெர்சியில் மகனோடு இருக்கும் தம் அக்காவுக்கு மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை இனி கிடைக்காதோ என்று பதறிப்போய், அங்கே விடிந்ததா என்றுகூடப் பார்க்காமல் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பெயர்களும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிப்பதால், தலைப்பிலேயே பெயரைச் சொல்வது இன்னும் அவசியமாகிறது.

வேட்பாளர் தம் பெயரில் கொடுக்கும் தேர்தல் விளம்பரத்தின் உள்ளடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கைவைக்கக் கூடாது என்பது 1934-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்திலிருந்து வரும் விதி. அபத்தம் என்று தெரிந்தும் அவர்கள் ஒளிபரப்பியாக வேண்டும். தலைப்பு எழுதும் உதவி ஆசிரியருக்கு அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் கிடையாது. இடம் போதாது என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். மூன்று பத்தித் தலைப்பில் என்ன செய்ய முடியும் என்பார்கள். 2017-ஐ எடுத்துக்கொள்வோம். மே 4 அன்று ஒபாமாகேர் ரத்து மசோதா பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 213 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஜூலை 28 அதிகாலையில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் பெருவிரலைக் கீழ்நோக்கிக் காட்ட, செனட்டில் அந்த முயற்சி 49-க்கு 51 என்று தோற்றது. மே மாதத்தில் ‘ஒபாமாகேருக்கு ஆப்பு’ என்று படித்தவருக்கு அந்தச் சட்டம் அன்றே செத்துவிட்டது. ‘ஒபாமாகேர் ரத்து: ஓர் அவை ஒப்புதல்’ என்று போட்டிருந்தால் சில எழுத்துகள்தான் கூடியிருக்கும்.

ஆகவே, எந்தத் திட்டம், யார் செய்தது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தலைப்பிலும், இடமில்லையெனில் அதன் கீழ்வரும் உட்தலைப்பிலும் சொல்லும்படி தங்கள் செய்திப் பிரிவினருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். விளம்பரத்திலிருந்தோ மேடையிலிருந்தோ ஒரு தொடரை எடுத்துப் போடும்போது, அதைச் சொன்னவரின் பெயரும் அதே வரியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஸ்ரீரங்கம்