புகார் சொன்னவர்களின் கதி

ஐயா,

அமெரிக்காவின் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரலாக (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) கென் பாக்ஸ்டன் 2015-இல் பதவியேற்றார். அதே ஆண்டு அவர்மீது பங்குப் பத்திர மோசடி வழக்கு. அது 2024-இல்தான், விசாரணையே நடக்காமல், 100 மணி நேர சமூக சேவை, இழப்பீடு என்று முடிந்தது. 2023-இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை 121-23 என்ற வாக்குக் கணக்கில் அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது, மேலவையான செனட் விடுவித்தது. சரி, அது சட்டப்படி நடந்தது.

என்னை உறுத்துவது வேறு. 2020-இல் அவருடைய அலுவலக உயரதிகாரிகள் எட்டுப் பேர் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் அவர்மீதே புகார் கொடுத்தார்கள். எவ்வளவு துணிச்சல் வேண்டும் அதற்கு! அவர்களில் நால்வர் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், சுமார் 66 லட்சம் டாலர் வழங்க 2025-இல் நீதிபதி உத்தரவிட்டார். அந்தச் சுமை பாக்ஸ்டன்மீது விழவில்லை, அரசு அலுவலகத்தின்மீது விழுந்தது. அதாவது, மக்களின் வரிப்பணம்.

— ஒரு வாசகர்