படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள மாணிக்கம்,

நலம்தானே? வீட்டில் எல்லாரும் சுகமா? எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை, அதுவும் மழைநாளில்தான் படுத்தும். மகளுக்கு ஈப்போவுக்கு மாற்றல். வாரக் கடைசியில் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். அவன் வந்தால் கேமராப் பையைத் தூக்கி அலமாரி உச்சியில் வைக்க வேண்டியிருக்கிறது. போன தடவை லென்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றிப் பூனைக்கு வைத்துவிட்டான்.

நீ புலனத்தில் அனுப்பிய படங்களை எல்லாம் கணினியில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. எதை மாட்டலாம், எதை விடலாம், கீழே என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் படங்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில், யாரோ உனக்கு அனுப்பி வைத்த அந்தப் பத்துமலைப் படம். தைப்பூசத்து நிலா தேர்ச்சக்கரம் மாதிரி முருகன் தலைக்குப் பின்னால் நிற்கிறதே, அதை நடுச்சுவரில் மாட்டலாமா என்கிறாய். வேண்டாம்பா. அது ஒட்டு வேலை.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். நிலா வானத்தில் அரை பாகை அகலம்தான். ஒரு பொருள் நம் கண்ணுக்கு நிலா அளவே தெரிய வேண்டுமானால் அதன் உயரத்தைப் போல 110 மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். பத்துமலை முருகன் 42.7 மீட்டர். உன் படத்தில் நிலா சிலையில் பாதி உயரம் இருக்கிறது. கணக்குப் போட்டால் படம் எடுத்தவர் 2.3 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றிருக்க வேண்டும். ஆனால் அதே படத்தில் அடிவாரத்தில் நிற்கிறவர்களின் முகம் தெரிகிறது, 272 படியும் வண்ண வண்ணமாக விரிந்து கிடக்கிறது. அது கிட்டத்தில் நின்று அகன்ற லென்ஸில் எடுத்தது. அந்த லென்ஸில் நிலா பட்டாணி அளவுதான் விழும். இன்னொன்று, அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சிலையின் தலை அடிவானத்திலிருந்து ஒரு பாகைதான் எழும்பி நிற்கும். பின்னால் இருப்பதோ சிலையைவிட உயரமான சுண்ணாம்புப் பாறை மலை. அந்த உயரத்தில் இருக்கிற நிலா மலைக்குப் பின்னால் மறைந்துதான் இருக்கும். மலையே மறைக்கிற நிலாவை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது!

நீ இருக்கிற கோலாலம்பூரிலேயே நிஜமாக அப்படி எடுக்கலாம், இரட்டைக் கோபுரத்தை வைத்து. 452 மீட்டர் உயரம். பின்னால் மலை மறைக்காத திசையாகப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிலா கோபுரத்தில் பாதி உயரம் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டு, எந்த நாளில் எந்த இடத்திலிருந்து நிலா அந்தக் கோட்டில் வரும் என்று பார்த்து, மேகம் இல்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நிலா தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம்தான் எடுக்கும். அதற்குள் எடுத்தால் உண்டு. இப்படி எடுத்த படத்துக்குக் கீழே 'இன்ன இடத்திலிருந்து, இவ்வளவு தூரத்தில்' என்று எழுதினாலே போதும், ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். ஒட்டு வேலைக்குக் கீழே என்ன எழுதுவாய்?

பெரிய இடங்களிலும் இந்தக் கதை உண்டு. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் கீசா பிரமிடுகள் வந்தன. எடுத்தது அகலப் படம், அட்டையோ நெட்டை. அதனால் கணினியில் பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். ஒட்டகக்காரர்கள் நிஜம், மணல் நிஜம், இடைவெளி மட்டும் பொய். அந்தப் பத்திரிகைக்கு அது நெடுநாள் தீராத தலைவலியாகப் போயிற்று.

ஆனால் காட்டு விலங்குப் படங்களில் நடக்கிற பொய்க்குக் கணினியே தேவையில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்துகிற போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கியது ஓர் ஓநாய்ப் படம். இரவில் மரக்கதவு ஒன்றைத் தாண்டிப் பாய்கிறது, வெளிச்சம் முதுகில் வழிகிறது, பார்த்தால் கண் எடுக்க மனசு வராது. பிறகு ஸ்பெயின் படக்காரர்கள் சிலரே பார்த்துவிட்டு, இது மாட்ரிட் பக்கத்தில் ஒரு விலங்குப் பூங்காவில் வாடகைக்குக் கிடைக்கிற பழக்கின ஓநாய் மாதிரி இருக்கிறதே என்றார்கள். நடுவர்கள் விசாரித்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் கடைசிவரை இல்லை என்றுதான் சொன்னார். எனக்கு அதில் பிடித்த வாதம் வேறு: காட்டு ஓநாய்க்கு அந்தக் கதவைத் தாண்ட வேண்டிய அவசியம் என்ன, சட்டங்களுக்கு நடுவே நுழைந்து போய்விடாதா? விலங்கை அறிந்தவன்தான் அதைக் கேட்டிருப்பான்.

அதே போட்டியில் 2017-இல் பிரேசில் நாட்டு எறும்புத்தின்னி ஒன்று. கரையான் புற்று முழுக்க வண்டுப் புழுக்களின் பச்சை வெளிச்சம், அதை நோக்கி எறும்புத்தின்னி மூக்கை நீட்டிக்கொண்டு வருகிறது. மறு வருஷம் அதையும் நீக்கினார்கள். அந்தத் தேசியப் பூங்காவின் பார்வையாளர் கூடத்தில் வைத்திருந்த பஞ்சடைத்த எறும்புத்தின்னிக்கும் படத்தில் இருப்பதற்கும் ரோமச் சுழி முதற்கொண்டு ஒத்துப்போகிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள். இவரும் மறுத்தார். புற்றின் வெளிச்சம் நிஜம் என்பதுதான் வேதனை. அதை மட்டும் எடுத்திருந்தாலே போதுமே!

சரி, உன் படங்களுக்கு வருகிறேன்.

கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் எடுத்த லோத்தோங் குரங்குப் படம், அதுதான் இலை தின்கிற குரங்கு, அழகு. தாய் வெள்ளிச் சாம்பல், குட்டி அப்படியே காவி. ஆனால் வலது ஓரத்தில் ஒரு கை நீண்டிருந்ததை நீ வெட்டிவிட்டாய், இல்லையா? தாயின் பார்வை போகிற திசை காட்டிக் கொடுக்கிறது. அங்கே தீனி வாங்கிக் கொடுத்துத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள், அதை ஊரே அறியும். நீ கையை வெட்டாதே. கையோடு மாட்டு. 'மனிதர் நீட்டும் தீனிக்கு இறங்கி வந்த லோத்தோங்' என்று எழுது. அதுதான் அங்கே நடப்பது.

இங்கே பொட்டானிக்கல் கார்டனில் இருப்பது வேறு இனம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டது. போன மாதம் ஒரு காலையில் தாழ்ந்த கிளையில் ஒன்று குட்டியோடு உட்கார்ந்திருந்தது. குட்டியின் ஒரு கை தாயின் வயிற்று ரோமத்தைப் பிடித்திருந்தது, மற்றொரு கை தாய் மென்றுகொண்டிருந்த தளிரை இழுக்கப் பார்த்தது. முகம் இன்னும் இளஞ்சிவப்பு, வளையம் முழுதாக விழவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொரு பெண் குரங்கு வந்து குட்டியைக் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது பாட்டுக்குத் தளிர் தின்றுகொண்டிருந்தது. நான் தொலைவில் நின்று எடுத்தேன். 'திருடப்பட்ட குட்டி' என்று தலைப்பு வைத்தால் பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். அது திருட்டே இல்லை. இந்த இனத்தில் பெண் குரங்குகள் குட்டியை மாற்றி மாற்றித் தூக்கும், தாய் அந்த நேரத்தில் நிம்மதியாகச் சாப்பிடும். குட்டியின் காவி நிறமும் சில மாதம்தான், அரை வயசுக்குள் சாம்பலாகத் தொடங்கிவிடும். ஆகவே படத்தில் நிறத்தைப் பார்த்தே வயசைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம் ஓர் ஆள் வந்தார், கையளவு தடிமனான லென்ஸ். பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்தார். தீனி போடாதே என்று பலகை பக்கத்திலேயே நிற்கிறது. லோத்தோங் வயிறு மாட்டு வயிறு மாதிரி பல அறை உள்ளது. இலையைக் கிருமிகள் நொதிக்க வைத்துத்தான் அதற்குச் செரிக்கும். இனிப்புப் பழம் நிறைய போனால் வயிறு புளித்துக் கெட்டுப்போகும். நான் போய்ச் சொன்னேன். 'அங்கிள், ஒன்றுதானே' என்றார். அன்றைக்கு வருகிற எல்லாரும் ஒன்றுதான் கொடுப்பார்கள். வேறென்ன சொல்ல?

இன்னொரு விஷயம். நீ 'சிரிக்கும் குரங்கு' என்று பேர் வைத்திருக்கிற நீண்டவால் குரங்கு சிரிக்கவில்லை. அந்த இனம் வாயை இழுத்துப் பல்லைக் காட்டி நின்றால் பெரும்பாலும் பயம், 'என்னை ஒன்றும் செய்யாதே' என்ற பணிவு. வாயை ஆவென்று பிளந்து கோரைப்பல்லைக் காட்டினால் மிரட்டல். படத்தை மாட்டு, தலைப்பை மாற்று. யாரைப் பார்த்துப் பயந்தது என்று எழுதினால் பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி. உன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

மின்மினிப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரத்தில் ஒன்றுசேர்ந்து மினுங்குகிற அந்தப் பூச்சிகளை நீ ஃபிளாஷ் போடாமல் எடுத்திருக்கிறாய், நல்லது. ஆனால் கேமராவை வெகுநேரம் திறந்து வைத்து, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறாய். அதனால்தான் மரமே பற்றி எரிகிற மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு நேரில் போகிறவன் ஏமாந்து திரும்புவான். அடுக்கியது தப்பில்லை, கீழே சொல்லிவிடு. படகில் போனால் கண்ணுக்குத் தெரிவது விட்டு விட்டு மினுங்குவது, அதை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்.

ஆர்மேனியன் தெரு சைக்கிள் பிள்ளைகள் படம் வேண்டாம் என்பது என் கருத்து. 2012-இல் லித்துவேனிய ஓவியர் ஏர்னஸ்ட் சகாரேவிச் சுவரில் வரைந்தது, சைக்கிள் மட்டும் நிஜ சைக்கிள். உலகமே எடுத்துவிட்டது. அதற்கு எதிரே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற வரிசையை நீ எடுத்திருந்தால் அதை முதலில் மாட்டச் சொல்லியிருப்பேன்.

ஒரு மூலையில் பழைய ஆட்களுக்கும் இடம் கொடு. மா. கிருஷ்ணனைப் பற்றி நாம் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து ஒட்டவைத்த கேமராவோடு யானைக்குப் பின்னால் அலைந்தார். 1950-இல் தொடங்கிய பத்திரிகைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். அவர் படமும் எழுத்தும் ஒன்றை ஒன்று விட்டுப் போகாது. அவருக்கு முன்னால் வட இந்தியக் காட்டிலாகாவில் வேலை பார்த்த சாம்பியன் என்கிற வெள்ளைக்காரர் இருக்கிறார். பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் விளக்கு வெடித்துப் படம் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தார். 1925-இல் லண்டன் பத்திரிகையில் அவை வந்தபோது ஜனங்கள் அசந்துபோனார்கள். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதை அந்தப் படங்களை வைத்தே கண்டுகொண்டார். இன்றைக்கும் கணக்கு எடுப்பது அதே வழியில்தான். நம் மலேசியாவில் 2016 முதல் 2020 வரை காடுகளில் கேமரா கட்டி எடுத்த கணக்கில் காட்டுப் புலி 150-க்கும் குறைவு என்று வந்தது. அந்தப் படங்களில் பாதி புலியின் பின்புறமாகவோ மங்கலாகவோதான் இருக்கும். பரிசு கிடைக்காது. ஆனால் நம்பலாம்.

அந்த வகையில் தெலுக் பஹாங்கில் ஒன்று இருக்கிறது, நீ வரும்போது காட்டுகிறேன். சாலையைக் கடக்கும்போது லோத்தோங் குரங்குகள் காரில் அடிபட்டுச் சாவதைப் பார்த்து, 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். யார் யார் கடக்கிறார்கள் என்று பார்க்க அதில் கேமராவும் வைத்திருக்கிறார்கள். கீழே நின்று எடுத்தால் வானத்துக்கு எதிரே கறுப்பு நிழல்தான் கிடைக்கும். உன் பெரிய லென்ஸ் இருந்தால் கொஞ்சம் தேறலாம்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் ரயிலைப் பிடித்து வந்துவிடு. பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் ஏறு, நான் இந்தப் பக்கம் ஜெட்டியில் நிற்கிறேன். கார் ஏற்றிப் போகிற அந்தப் பழைய ஃபெர்ரி 2020 கடைசியோடு நின்றுபோனது உனக்குத் தெரியும். அதன் மேல்தட்டில் நாம் எடுத்த படங்கள் உன்னிடம் இருந்தால் கொண்டு வா, என்னிடம் இருந்ததெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். எழுதிய குறிப்புகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சேகரன்