பால்வாடிக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் கடற்கரை ஊர்களின் அங்கன்வாடிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் உள்ள ஒரு கடலோர ஊரில் தையல் தொழில் செய்கிறேன். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் எங்கள் பால்வாடி அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும், அவர் பதில் எழுதுவார், கோப்பு மூடப்படும். நான் கேட்பது அவரை அல்ல, உங்களை. குழந்தைகளுக்காகக் கட்டிய கழிப்பறை, குழந்தைகள் இருக்கும் நேரத்தில் ஏன் பூட்டிக் கிடக்கிறது?

கட்டியதில் குறை இல்லை. சின்னக் கால்களுக்கு ஏற்ற பீங்கான், சுவரில் யானை, முயல் படங்கள், எட்டும் உயரத்தில் குழாய். குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பதால் அந்த அறையில் இப்போது துடைப்பமும் கால் உடைந்த நாற்காலியும் குடியிருக்கின்றன. பிள்ளைக்கு அவசரம் என்றால் கட்டடத்தின் பின்னால் கருவேல மரத்தடிதான். கூட்டிப்போக ஆள் இல்லாதபோது "கொஞ்சம் பொறு" என்கிறார்கள்.

பிள்ளை பொறுத்துக்கொள்கிறது. சிக்கலே அதில்தான் தொடங்குகிறது.

எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் கழிப்பறைப் பழக்கம் சொல்லித் தருவது சீக்கிரமே ஆரம்பமாகிவிடும். தலை நின்ற குழந்தையை அப்பத்தா நீட்டிய கால்களில் உட்காரவைத்து 'ஸ்ஸ்' என்று ஒலியெழுப்புவார். குழந்தை எப்போது போகும் என்று அவருக்குத்தான் அதில் பிடிபடும். குழந்தைக்கே பிடிபடுவது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில். இரண்டு மணி நேரமாவது துணி நனையாமல் இருக்கும், மலம் வரும்போது மூலையில் போய் ஒளியும், நனைந்தால் வந்து சொல்லும், கால்சட்டையைத் தானே இறக்கப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து, அதட்டாமல் பழக்கினால் பகலில் பழகிவிடும். இரவு அதற்குப் பிறகுதான். ஐந்து வயதுவரை படுக்கை நனைவது நோயல்ல.

படிக்க எளிதாக இருக்கிறது. எங்கள் ஊரில் விடியும் முன்பே கடல்பாசி எடுக்கவும் மீன் ஏலத்துக்கும் கிளம்பும் பெண்கள்தான் இதைச் செய்கிறார்கள். தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரும் வீட்டில், நனைந்த ஒவ்வொரு துணியும் அந்தக் குடத்திலிருந்துதான் போகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் துவைத்தது காயவும் காயாது. இவ்வளவுக்கும் நடுவே ஒரு பிள்ளை "அம்மா, ஆய்" என்று சொல்லக் கற்றுக்கொண்டு பால்வாடிக்குப் போகிறது. அங்கே போய்ச் சொன்னால் கேட்பார் இல்லை.

அடக்கி அடக்கி மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது வலிக்கும். வலித்த பிள்ளை அடுத்த நாள் இன்னும் அதிகமாக அடக்கும். சில வாரங்களில் இறுகியதைச் சுற்றி இளகிய மலம் தானாகக் கசிந்து உள்ளாடையில் படும். அது பிள்ளைக்குத் தெரியாமலே நடப்பது. "பழகின பிள்ளை வேண்டுமென்றே செய்கிறது" என்று முதுகில் ஓர் அடி விழும். அடி விழுந்தால் இன்னும் அடக்கும். சிறுநீரை அடக்கும் பெண்குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு, எங்கள் வெயிலில்!

இதற்கு எங்களுக்குக் கிடைத்த யோசனை, "பேம்பர்ஸ் போட்டு அனுப்புங்கள்" என்பது. சொல்லிப் போகப் பழகிவிட்ட பிள்ளையைத் திரும்ப அதற்குள் கட்டுவதா? வேர்வையில் தொடை இடுக்கு புண்ணாகிறது. காசும் போகிறது. கழற்றியது எங்கே போகிறது என்று பார்க்க விரும்பினால் எங்கள் கரையில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

கருவேல மரத்தடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை மலம்தானே என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். பெரியவர்களின் மலத்தில் உள்ள கிருமிகள் அதிலும் உண்டு. கொக்கிப்புழுவின் குஞ்சுகளுக்கு ஈரமான, வெதுவெதுப்பான மணல் மிகவும் பிடித்த இடம். வெறுங்காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். குடற்புழு மாத்திரை தரும் அதே மையம், பிள்ளையை அதே மணலுக்கு அனுப்புகிறது. சத்துமாவும் முட்டையும் கொடுத்து எடை பார்த்துக் கைபேசியில் பதிவு செய்கிறோம். ஏறாத எடைக்குக் காரணம் தேடும்போது கட்டடத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

தண்ணீர் இல்லை என்பீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவே முறை வைத்துத்தான் வருகிறது, உண்மை. ஆனால் பீங்கானில் ஊற்றக் காவிரி எதற்கு? எங்கள் மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வருகிறது. அது உவர்ப்பாக இருந்தால் என்ன? ஊற்றிவிட அதுவே போதும். உவர் நீரில் சோப்பு நுரைக்காது என்பதால் கை கழுவ மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். கையால் அடிக்கும் பம்பு ஒன்று, மூடியுள்ள தொட்டி ஒன்று, பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் கதவு. இரும்பு வேண்டாம், உப்புக்காற்றில் தாழ்ப்பாள் இறுகி, உள்ளே போன குழந்தை மாட்டிக்கொள்ளும். மலக்குழி குடிநீர் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மணலில் எதுவும் இருந்த இடத்தில் நிற்பதில்லை.

அடுத்தது, யார் கழுவுவது? உதவியாளர் அம்மா சமைக்கிறார், பரிமாறுகிறார், பாத்திரம் கழுவுகிறார், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறார். கழிப்பறையையும் அவரே தேய்த்துவிட்டு வந்து சோறு கிளற வேண்டுமா? ஊராட்சியின் தூய்மைக் காவலர் ஒருவரை நாள்தோறும் அனுப்பலாம். அதற்குத் தனி ஊதியமும் கையுறையும் கொடுத்து அனுப்புங்கள். கொடுக்காமல் இன்னொருவர் தலையில் கட்டுவதாக இருந்தால், இந்த மடலை நான் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தையல்காரியாக ஒன்று: பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர்கள் பொத்தானும் கொக்கியும் வைக்க வேண்டாம், இடுப்பில் எலாஸ்டிக் போதும். அவசரத்தில் பொத்தானோடு போராடி நனைத்துக்கொள்ளும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் அண்ணன், தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னும் நேரம் போக வீட்டில்தான் இருக்கிறீர்கள், துணியும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பிள்ளையைப் பழக்க இதைவிட நல்ல 61 நாள் கிடைக்காது. அப்பா கால் கழுவிவிட்டால் கடல் வற்றிவிடாது.

அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. தூய்மை இந்தியா தொடங்கியது 2014 அக்டோபர் 2. கிராம சபை கூடும் நாள்களில் ஒன்றும் அதே அக்டோபர் 2. இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் அங்கன்வாடிக் கழிப்பறைக்குத் தண்ணீர், துப்புரவுக்கு ஊதியம், இரண்டுக்கும் எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பதைத் தீர்மானமாகவே எழுதக் கேட்கப்போகிறோம். பாசிக்குப் போகும் பெண்கள் அன்று கடலில் இறங்குவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். உங்களில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ள ஒருவர் வர வேண்டும். வரும்போது சாவியையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடலோரத் தாய் ஒருத்தி