காத்திருந்தவர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான அடிமை ஒழிப்பு வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். ஹெய்ட்டியின் அடிமைக் கிளர்ச்சித் தலைவர் துசான் லூவர்த்தூர், இங்கிலாந்தின் வில்பர்ஃபோர்ஸ், அமெரிக்காவின் லிங்கன் என்று ஆண்களுக்குப் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், பெண்களுக்குப் பெரிய மனது வைத்து ஒரு வாக்கியம் தந்திருக்கிறார். வாய் திறவாமல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, விடுதலை வரும் நாளுக்காக அவர்கள் கண்ணீரோடு காத்திருந்தார்களாம்.

தங்களைப் போன்ற வரலாற்று ஆர்வலர் பார்வைக்குப் போன பிறகும் அந்த வாக்கியம் அச்சேறியதுதான் எனக்கு வியப்பு. 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் பிரான்ஸ் மீண்டும் கொண்டுவந்ததைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. அதை எதிர்த்துக் கரீபியனில் பிரான்சின் வசமிருந்த குவாதலூப் தீவில் நடந்த போரில், வயிற்றில் பிள்ளையோடு களத்தில் நின்ற சொலித்யூட் என்ற பெண்ணைப் பற்றித் தாங்கள் அறியாதிருக்க முடியாது. அடிமைத் தாய்க்குப் பிறந்த அவருக்கு மரண தண்டனை விதித்தவர்கள், பிறக்கப்போகும் பிள்ளை பண்ணை முதலாளியின் சொத்து என்பதால் பேறுகாலம் வரை பொறுத்திருந்து, நவம்பர் 28இல் பிரசவம் ஆனதும் மறுநாளே தண்டனையை நிறைவேற்றினார்கள். இந்த வரலாற்றில் காத்திருந்தவர்கள் யாராவது உண்டென்றால், அது தூக்குக் கயிற்றைக் கையில் வைத்திருந்தவர்கள்தான்.

இது தங்கள் இதழுக்குப் புதிய பழக்கமும் அல்ல. 2024இல் இந்திய அணி பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை வென்றபோது, அந்த ஊரின் சிறப்புகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிட்டீர்கள். அறுந்த சங்கிலியோடு கைகளை உயர்த்தி நிற்கும், மக்கள் ‘பஸ்ஸா’ என்று அழைக்கும் சிலையின் படமும் அதில் இருந்தது. பஸ்ஸா என்பவர் 1816 ஈஸ்டர் ஞாயிறன்று பார்படோஸில் தலைமையேற்று நடத்திய அடிமைகளின் கிளர்ச்சியைப் பற்றிய விசாரணை வாக்குமூலத்தில் நானி கிரிக் என்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயர் வருகிறது. பத்திரிகை படிக்கத் தெரிந்த அவர், அடிமைகளின் விடுதலையைப் பற்றிய சர்ச்சைகளைப் படித்துத் தோட்டத்து மக்களிடம் சொன்னார். விடுதலை தானாக வராது, ஹெய்ட்டியில் செய்ததுபோலத் தீ வைத்துப் போராடித்தான் அதைப் பெற வேண்டும் என்றும் சொன்னார். பத்திரிகை படித்து ஊரைக் கிளப்பிய ஒரு பெண்ணுக்குப் பத்திரிகை ஒன்றிலேயே இடமில்லாமல் போனதை என்னவென்பது? அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். அதை மூன்று வரியாகக் குறைத்து, ‘படம் அருமை’ என்ற பாராட்டை மட்டும் வெளியிட்ட தங்கள் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைப் பற்றிய கட்டுரையும் நினைவுக்கு வருகிறது. கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டின் நேர்த்தியை ரசித்து ரசித்து எழுதியிருந்தீர்கள். அதே டச்சுக் கம்பெனி அதே கரையிலிருந்து பஞ்சத்தில் அடிபட்ட ஆண்களையும் பெண்களையும் அடிமைகளாக விலைக்கு வாங்கிப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியதைச் சொல்ல இடம் போதவில்லை போலும்.

அரசு மகளிர் பள்ளியில் பணி ஓய்வு வரை வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்தி முடித்த ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், இவ்வளவு நேரமும் ஆம்பளைங்க கதைதானே சொன்னீங்க, பொம்பளைங்க என்னதான் செஞ்சாங்க?” என்று கேட்டாள். பாடநூலில் பதில் இல்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தின் ஓரமாக நின்ற மயிற்கொன்றையிலிருந்து காய்ந்த காய் ஒன்றைப் பறித்து வரச் சொல்லி, அதைப் பிளந்து உள்ளே வரிசையாக இருந்த தட்டையான விதைகளைக் காட்டினேன். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் வசமிருந்த சூரினாமின் தோட்டங்களில் கொடுமைக்கு ஆளான அடிமைப் பெண்கள், தங்கள் பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்று இந்த விதையைக் கொண்டு கருவைக் கலைத்தார்கள். அவர்களே தன்னிடம் சொன்னதாக மரியா சிபில்லா மெரியன் என்ற இயற்கை ஆய்வாளர் 1705இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று அமெரிக்காவின் வர்ஜீனியா 1662லேயே சட்டம் எழுதி வைத்திருந்தது. அப்படிப்பட்ட உலகில் முதலாளிக்கு ஒரு பிள்ளையைக்கூடத் தர மாட்டேன் என்று ஒரு பெண் எடுத்த முடிவு எவ்வளவு பெரிய எதிர்ப்பு என்பதை அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள். புரியாதவர்கள் பெரியவர்கள்தான். பெண் பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சா இது என்று அலுவலக அறைக்கு அழைத்துக் கேட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியோ என் பாடக்குறிப்பில் அந்தப் பக்கத்தைச் சுழித்து, ‘பாடத்திட்டத்தில் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்.

ஹாரியட் டப்மன் பெயரையாவது எதிர்பார்த்தேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாக இருந்து, தான் தப்பியதோடு நில்லாமல் திரும்பத் திரும்ப அங்கே நுழைந்து சுமார் எழுபது பேரை மீட்டவர். 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் கொம்பாஹி ஆற்றில், உள்நாட்டுப் போரில் தாம் வேவு பார்த்துக் கொடுத்த வடக்குப் படையின் படகுகளுக்கு வழிகாட்டி, ஒரே இரவில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் விடுதலை பெறக் காரணமானவர். அந்த அம்மையாருக்கே அமெரிக்க அரசு 1899இல்தான், அதுவும் படைவீரரின் விதவை என்றும் செவிலி என்றும் கணக்குக் காட்டி, மாதம் இருபது டாலர் ஓய்வூதியம் கொடுத்தது; வேவு பார்த்ததும் வழிகாட்டியதும் கணக்கில் வரவில்லை. தங்கள் கட்டுரையாளர் அந்த அளவுக்குக்கூடக் கணக்குக் காட்டவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் அதிகம் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போட்டு, சொலித்யூட், நானி கிரிக், ஹாரியட் டப்மன் ஆகிய மூன்று பெயர்களை மட்டும் எழுத்துப் பிழையின்றி வெளியிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் கொடுப்பதாயின், தயவுசெய்து கோலப் போட்டிக்குப் பக்கத்தில், மகளிர் பக்கத்தில் போட வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநெல்வேலி