தூண்டில் ராடு பில்லுல கூலிய தனியா எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில சென்னையில இருந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. முட்டுக்காடு பக்கம் கொடுவா பிடிக்க 7 அடியில ஒரு ராடு கையால கட்டித்தர கேட்டதுக்கு 16,000 ரூபா சொன்னாங்களாம், அவரு நெட்ல ஒவ்வொரு பார்ட்டா விலை பாத்து கூட்டியிருக்காரு, பிளாங்க் (ராடோட வெறும் குழாய்) 4,500, கைடு செட் (தூண்டில் நரம்பு ஓடுற வளையங்க) 2,200, ரீல் சீட் (ரீல மாட்டுற இடம்) 900, கைப்பிடி 700, மொத்தமே 8,300 தான் வருது, மீதி எல்லாம் கொள்ளைன்னு முடிச்சிருந்தாரு. நான் தூத்துக்குடியில இதே வேலை பாக்கிறவன். அவரு கோபப்படுறது எனக்குப் புரியுது, அந்த மீதி 7,700 எங்க போகுதுன்னு அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லல. ஆனா அந்தத் தொகைய கொள்ளைன்னு சொன்னதுதான் மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, அதான் எழுதுறேன்.

மொத விஷயம், நெட்ல போட்டிருக்கிற விலைக்கு எந்தப் பொருளும் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்காது. நல்ல கார்பன் பிளாங்க் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்துதான் வரணும், நீளமான பார்சல்ங்கிறதால கூரியர்காரங்க வெயிட்ட விட்டுட்டு சைஸ பாத்து காசு வாங்குவாங்க, அதுக்கு மேல சுங்க வரி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஒரு ராடு அளவுக்கு பிரிச்சுப் பாத்தாலும் 1,800 ரூபா கிட்ட வந்துடும். கைட கட்டுற நூல், அது மேல பூசுற எபாக்சி (கலந்து பூசினா கெட்டியா இறுகுற பூச்சு), பசை, உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஸ்பிரிட், சிரிஞ்சு, பிரஷ்னு சில்லறை சாமான் ஒரு 500. இதுக்கே 2,300 போச்சு, மிச்சம் 5,400 தான்.

அந்த 5,400 ரூபாய்க்கு என்ன வேலை நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையா படிங்க. பிளாங்க்ங்கிறது கார்பன் துணிய இரும்புக் கம்பி மேல சுத்தி அடுப்புல வேகவச்சு எடுக்கிற குழாய், அத கையில வாங்குனதும் அழுத்தி உருட்டிப் பாத்து எந்தப் பக்கம் விறைப்பா இருக்குன்னு கண்டுபிடிச்சு மார்க் பண்ணணும். அப்புறம் கைப்பிடி, பிளாங்க் அடியில தடிப்பா மேல போகப் போக மெலிசா இருக்கும்ல, அதனால கைப்பிடி ஓட்டைய அந்தந்த இடத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அராவி சரியா உக்கார வைக்கணும், லூசா விட்டு பசைய ரொப்பிடலாம், பாக்க ஒண்ணும் தெரியாது, ஆறு மாசத்துல ஆட ஆரம்பிச்சிடும். கைடு எத்தனைன்னா அடிக்கணக்குக்கு மேல ஒண்ணுங்கிறது பொதுவான கணக்கு, 7 அடி ராடுன்னா 8 கைடு, அது போக நுனியில ஒண்ணு. ஒவ்வொரு கைடு காலையும், அதாவது பிளாங்க் மேல படிஞ்சு உக்காருற பாகத்த, நுனியில சின்ன அரத்தால தேச்சு மழுக்கணும், இல்லன்னா அந்த முனை கட்டுற நூலையும் அறுக்கும் பிளாங்க்கையும் கீறும், பெரிய மீன் இழுக்கும்போது அந்தக் கீறல்லதான் ராடு ஒடியும். கைட டேப்பால தற்காலிகமா ஒட்டி, நரம்ப மாட்டி, ராட வளைச்சு, வளைவுல நரம்பு பிளாங்க்க தொடாத மாதிரி ஒவ்வொரு கைடையும் மேலயும் கீழயும் நகத்தி நகத்தி இடம் பாக்குறதுக்கே ஒரு சாயங்காலம் போயிடும். பெரும்பாலான ஃபேக்டரி ராடுக்கு இப்படி ஒவ்வொண்ணா வளைச்சுப் பாத்து இடம் குறிக்க மாட்டாங்க.

அப்புறம்தான் கைடு கால பிளாங்க்கோட சேத்து நூல் சுத்தணும். சுத்து மேல சுத்து ஏறக்கூடாது, நடுவுல இடைவெளி தெரியக்கூடாது. அது முடிஞ்சா எபாக்சி, ரெண்டு பாகத்தையும் சிரிஞ்சுல சரிசமமா அளந்து கலக்கணும், துளி அளவு மாறினாலும் பிசுபிசுன்னு காயாமலே கெடக்கும். தூத்துக்குடி வெயிலுக்கு கலந்த எபாக்சி சீக்கிரமே இறுகிடும், மழை மாசத்துல காத்துல ஈரம் ஏறினா மேல வெள்ளையா பூத்த மாதிரி படியும், ரெண்டுக்கும் நடுவுல நேரம் பாத்து வேலை செய்யணும். பூசின உடனே மோட்டர்ல மாட்டி மெதுவா சுத்த விடணும், இல்லன்னா எபாக்சி ஒரு பக்கமா வழிஞ்சு தொங்கும். மொத அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து குமிழி வந்தா உடைக்கணும், ஒரு தூசி விழுந்தாலும் முள்ளால எடுக்கணும், அந்த நேரத்துல ஃபேன் கூட போட முடியாது. மறுநாள் ரெண்டாவது கோட்டு. காயுற நேரத்த நான் கணக்குல எடுக்கவே இல்ல, கை படுற நேரம் மட்டும் ஒரு சாதா ராடுக்கு 14 மணி நேரம். 5,400ல கடை வாடகை, கரண்டு, உடைஞ்சா பாக்கிறதுக்குன்னு 1,200 எடுத்து வச்சா நிக்கிறது 4,200, மணிக்கு 300 ரூபா. தெனமும் ஆர்டர் வர்ற தொழிலும் இல்ல இது.

ஆனா அந்தக் கடிதம் எழுதுன நண்பர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு, அத நான் மறைக்க விரும்பல. எங்க ஆளுங்கள்ல நெறைய பேரு விலை வைக்கிற முறையே சரியில்ல. பொருள் விலைய கூட்டி ரெண்டால பெருக்குறாங்க, அவ்வளவுதான் ஃபார்முலா. யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் 2,200 ரூபா ஸ்டெயின்லெஸ் கைடு கேக்குறாரு, இன்னொருத்தர் உப்புத் தண்ணிக்கு துரு பிடிக்காம இருக்கணும்னு 11,000 ரூபாய்க்கு டைட்டானியம் கைடு கேக்குறாரு, ரெண்டுலயும் கைடு எண்ணிக்கை ஒரே அளவுதான், சுத்துற நூலும் எபாக்சியும் ஒரே அளவுதான், எனக்கு ஆகுற நேரமும் ஒரே அளவுதான். அப்புறம் எதுக்கு டைட்டானியம் கேட்டவருகிட்ட 8,800 ரூபா கூடுதலா கூலி வாங்கணும்? அது அவருக்கு அநியாயம். அதே ஃபார்முலாவுல 1,500 ரூபா ஃபைபர் பிளாங்க் போட்டு கட்டிக் கேட்டா கட்டுறவனுக்கு சோத்துக்குக் கூட தேறாது, அதனால அந்த வேலைய அவசர அவசரமா முடிச்சுத் தள்ளுவான், காசு கம்மியா இருக்கிற கஸ்டமருக்கு மட்டமான வேலை போய்ச் சேரும். இன்னும் சிலர் பக்கத்து ஊருக்காரர் என்ன விலை போடுறாருன்னு பாத்துட்டு அதுல 500 கொறச்சுப் போடுறாங்க, அவருக்கு என்ன செலவு இவருக்கு என்ன செலவுன்னு ஒரு கணக்கும் கெடையாது.

இதுக்கு வழி நம்ம ஊர்லயே இருக்கு. நகைக்கடைக்குப் போனா என்ன பண்றாங்க, தங்கம் இத்தன கிராம், இன்னைக்கு ரேட் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவுன்னு பில்லுல தனித்தனியா போடுறாங்க, நாமளும் செய்கூலியில பேரம் பேசுறோமே தவிர தங்கத்த கூட்டிப் பாத்துட்டு கொள்ளைன்னு கத்துறதில்ல. ராடுக்கும் அப்படியே எழுதலாம். பொருள் வாங்குன விலை, அது வந்து சேர்ந்த செலவு, செய்கூலி, சேதாரம்னு நாலு வரி. செய்கூலி பொருள் விலைய பொறுத்து ஏறக்கூடாது, வேலைய பொறுத்துதான் ஏறணும். சாதா நூல் சுத்துக்கு ஒரு ரேட், கைப்பிடிக்கு மேல கோலம் மாதிரி குறுக்கு நூல் வேலை கேட்டா அதுக்கு தனி ரேட், ஏன்னா அந்த டிசைன் ஒண்ணுக்கே மொத்த ராடு கட்டுற அளவுக்கு நேரம் பிடிக்கும், அத சும்மா சேத்துத் தர்றேன்னு சொல்றவங்க கடைசியில ஏதோ ஒரு இடத்துல வேலைய குறைப்பாங்க.

சேதாரம்னு நான் சொல்றது உடையுறதுக்கு. பிளாங்க் கம்பெனி கேரண்டி குடுத்தாலும் வெறும் பிளாங்க்க மட்டும்தான் மாத்தித் தருவாங்க, பழைய எபாக்சிய சூடு காட்டி அறுத்து கைட கழட்டி, புது பிளாங்க்ல திரும்ப எல்லாத்தையும் கட்டுற கூலிய யாரு குடுக்கிறது? இத ஆர்டர் எடுக்கும்போதே பேசணும். ராட நேரா செங்குத்தா தூக்கி மீன மேல இழுத்தா நுனிப் பக்கம் ஒடியும், கதவு இடுக்குல நசுங்கினாலும் ஒடியும், அது கட்டுனவன் பொறுப்பு ஆகாது. ஆனா கைடு கழண்டு வந்தாலோ ரீல் சீட் ஆடினாலோ அது முழுக்க என் பொறுப்பு, ஒரு பைசா வாங்காம செஞ்சு தரணும்.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையா சொல்லிடுறேன். சீனாவுல வெய்ஹாய்னு ஒரு ஊரு இருக்கு, தூண்டில் ராடு தயாரிப்புக்கே பேர் போன ஊரு, அங்க ஒரு ஃபேக்டரியில ஒருத்தர் நாள் பூரா நூல் மட்டும் சுத்துவாரு, அடுத்தவரு எபாக்சி மட்டும் பூசுவாரு, அப்படி ஆயிரக்கணக்குல வர்ற ராடு இங்க 3,000 ரூபாய்க்கு கிடைக்குது, நல்லாவும் இருக்கு. மாசத்துல ஒரு நாள் குடும்பத்தோட தூண்டில் போடப் போறவங்களுக்கு அதுவே தாராளம், என்கிட்ட வந்தா நானே அதத்தான் வாங்கச் சொல்லுவேன். கையால கட்டுறது யாருக்குன்னா, கை நீளம் வித்தியாசமா இருக்கிறவங்க, தோள்ல வலி இருக்கிறவங்க, பாறை மேல நின்னு பெரிய பாரை மீனுக்கு வீசுறவங்க, இன்ன எடை லூர் (மீன் மாதிரி செஞ்ச போலி இரை) இன்ன தூரம் போகணும்னு தெளிவா தெரிஞ்சவங்க. அவங்களுக்கு கடையில இருக்கிற அளவு ஒத்து வராது, அதுக்காகத்தான் இந்தக் காசு.

வேற வேலையில இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா ராடு கட்டி பொருள் விலைக்கே குடுக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்க பிரியப்பட்டு செய்றீங்க, சந்தோஷம், ஆனா வாட்ஸ்அப் குரூப்ல "ராடு 9,000 மட்டும்"னு போடாதீங்க, "கூலி வாங்கல, பொருள் செலவு 9,000"னு போடுங்க. இந்த ஒரு வரி இல்லாததால இத நம்பி பொழைக்கிறவங்க எல்லாரும் கஸ்டமர் கண்ணுக்கு திருடங்களா தெரியுறாங்க.

வரி பத்தியும் நண்பர் கேட்டிருந்தாரு. வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள்ள விக்கிறவங்க தமிழ்நாட்டுக்குள்ள பொருள் வித்தா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, எங்கள்ல பெரும்பாலானவங்க அந்தக் கணக்குலதான் இருக்கோம். ஆனா பதிவு இல்லாதவங்க பொருள் வாங்கும்போது கட்டுன வரிய திரும்ப எடுக்க முடியாது, அது அப்படியே ராடு விலையில ஏறிடும். சாதாரண முறையில பதிவு பண்ணா வாங்குறவருகிட்ட வரி வாங்கியாகணும். எப்படிப் பாத்தாலும் வரி விலையிலதான் இருக்கு.

முன்பணம் பாதி கேக்குறாங்கன்னும் குறைபட்டிருந்தாரு. அவரு கை அளவுக்கு வெட்டி, அவரு பேர எழுதுன ராட வேற யாருக்கு விக்க முடியும்? பொருள் காசாவது முன்னாடி வரணும். ஆனா அந்த நண்பர் தனக்கு 16,000 சொன்னவருகிட்டயே திரும்பப் போயி, பொருள், வந்து சேர்ந்த செலவு, செய்கூலி, சேதாரம்னு நான் சொன்ன நாலு வரி கணக்க எழுதித் தரச் சொல்லிக் கேக்கட்டும். எழுதித் தந்தா கூலியில பேசி முடிச்சு முன்பணத்த குடுக்கலாம், எழுதித் தர மாட்டேன்னா அவருகிட்ட வாங்க வேணாம்.

இப்படிக்கு,
ராடு கட்டும் தொழிலாளி,
தூத்துக்குடி.