நம்ம மரம் பாக்குற குழு, டெல்லி – 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் ஏற்கனவே படிச்சிட்டார், அதுக்குள்ள நான் போகல. மாசாந்திர நடை லோதி கார்டன்லயும் ரிட்ஜ்லயும் வழக்கம்போல நடந்துச்சு, மே ஜூன்ல மட்டும் ஆள் வரல, அந்த வெயில்ல யார் வருவா.

இந்த வருஷம் சொல்லிக்கிற மாதிரி நடந்தது செப்டம்பர் கடைசில உத்தராகண்ட் மலையில இருக்குற காங்ரியாவுக்குப் போன ட்ரிப்தான். பாதிப்பேர் பூப்பள்ளத்தாக்குன்னு நெனச்சு கிளம்புனாங்க, அந்த நேரத்துல பூ எங்க இருக்கும், நாம போனது ஏசர் சீசியம்ங்கற மேப்பிளைப் பாக்க. கோவிந்த்காட்லேர்ந்து புல்னா வரைக்கும் ஜீப், அப்புறம் சுமார் 10 கிலோமீட்டர் ஏத்தம், ஹேம்குண்ட் குருத்வாராவுக்குப் போற கோவேறு கழுதைக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடக்கணும். காங்ரியா 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அங்க ஃபிர் (ஊசியிலை மரம்), பூர்ஜ (பிர்ச்) மரத்துக்கு நடுவுல இந்த மேப்பிள் நிக்குது. அஞ்சு மடல் இலை, காம்பு சிவப்பு, இலையைத் திருப்பினா அடிப்பக்கம் வெளிறிப்போன நீலச்சாம்பல். காஷ்மீர்லேர்ந்து நேபாளம் வரைக்கும் இருக்கு, ஒரு துணை இனம் சீனாவுலயும் இருக்கு, ஆனா எங்கயும் தோப்பா கெடையாது, ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னுதான்.

பாதையில விழுந்து கெடந்த அதோட ரெக்கைக் காய் ரெண்டு மூணை நகத்தால பிளந்து பாத்தோம், உள்ள ஒண்ணுமே இல்ல, பதர் மாதிரி. இந்த மரத்துல விதை வைக்காமலே நிறைய காய் முத்திடும், அதுக்கு மேல தழைக்கு வெட்டுறது, மாடு ஆடு மேயுறதுன்னு இருந்தா கன்னு எங்கேர்ந்து வரும். பெரிய மரம் நிக்குதேன்னு நாம சந்தோஷப்பட்டுட்டு வந்துடுறோம், கீழ குனிஞ்சு கன்னு இருக்கான்னு பாக்குறவங்க கம்மி.

இதனாலதான் விதை எடுத்துட்டு வந்து வளக்கலாம்ங்கற யோசனையை செயற்குழு ஏத்துக்கல. முளைக்கணும்னா அதுக்கு மாசக்கணக்கா குளிர் வேணும், 45 டிகிரி டெல்லி பால்கனில எப்படி நிக்கும்? பூப்பள்ளத்தாக்கு நேஷனல் பார்க்குக்குள்ளேர்ந்து அனுமதியில்லாம எடுத்தா 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம் வேற. கோவிச்சுக்கிட்டவங்க கோவிச்சுக்கட்டும் (ஒருத்தர் இன்னும் குரூப்ல பேசல).

அடுத்த ட்ரிப் உத்தராகண்ட்லயே சோப்தா பக்கம், அக்டோபர்ல, இலை மஞ்சளாகுற சமயம். போட்டோவோட சேத்து கன்னையும் எண்ணலாம்னு முடிவு பண்ணிருக்கோம். வர்றவங்க பேர் குடுங்க, சந்தா பாக்கி வெச்சிருக்கவங்க முதல்ல அதைக் கட்டுங்க.

இப்படிக்கு, செயலாளர்.